ஆண்டறிக்கை 2024–25: நம்மை விட்டுப் போனவர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மழையைப் பார்க்காமல் வந்து சேர்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இரவு பஸ் பிடித்து வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம், தீர்மானம், மனு விவரங்களைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு நம் சங்கம் ஆறு உறுப்பினர்களை இழந்திருக்கிறது. அவர்களில் நான்கு பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். இந்தச் சங்கம் ஆரம்பத்தில் ஒரு மரணாதாரச் சங்கம்தான். இலங்கைத் தோட்டங்களில் லயம் என்ற வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் காசு சேர்த்துச் சாவு வீட்டுக்குக் கொடுத்த பழக்கத்தைத்தான் பெரியவர்கள் நீலகிரியின் பந்தலூருக்கும் கொண்டு வந்தார்கள். ஆகவே போனவர்களைப் பற்றி முதலில் பேசுவதே முறை. அவர்களுடைய முழுப் பெயர்களைத் தலைவர் அஞ்சலியின்போது வாசிப்பார். நான் நாம் கூப்பிட்ட பேரிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆடி மழையில் மஸ்கெலியா பாட்டி போனார். அவர் கொழுந்து எடுத்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குருத்தைத் தொட்டதும் ஒடிந்து வந்துவிடும், நகம் படாது. கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே முதுகுக் கூடையில் வீசுவார். ஓர் இலை வெளியே விழாது. கொழுந்து வெட்டக் கத்தரி வந்த பிறகு முற்றல் இலையும் சேர்ந்து விழுவதை அவரால் சகிக்க முடியவில்லை. ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் கழித்தும், நம் வீட்டுப் பெண்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனால் நிறுத்திவைத்து உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்.

"எங்க ஊரு தண்ணிக்குள்ள இருக்கு" என்று அவர் சொல்வது பலருக்கும் புரிந்ததில்லை. அது உண்மை. இலங்கையில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிப்போனது. மழை பொய்த்துத் தண்ணீர் வற்றும் வருடங்களில் அங்கிருந்த பழைய கோயில் வெளியே தெரியும். அப்படித் தெரிந்தபோது யாரோ எடுத்த படம் பாட்டியின் பேரன் போனுக்கு வந்தது. பாட்டி போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது கோயிலு. இதுக்கு எதித்தாப்புல ரொட்டிக் கடை. அதத் தாண்டினா தையக்கடை. தையக்கடைக்குப் பின்னாடிதான் நான் சடங்காகி உக்காந்த வீடு" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். படத்தில் இருந்தது சேறும் இடிந்த சுவரும்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

பாட்டியின் முதியோர் உதவித்தொகை விஷயத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கப்பலில் வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதற்காக ஓர் அலுவலகத்தில் அவரைப் பலமுறை திருப்பி அனுப்பினார்கள். உத்தரவு கைக்கு வருவதற்குள் பாட்டி போய்விட்டார். இதே சிக்கல் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை விடப்போவதில்லை.

அடுத்து பதுளை ஐயா. இந்தச் சங்கத்துக்கு எழுத்துப் பழக்கம் கொடுத்தவர் அவர்தான். இளைஞர்கள் நம் கதையை அரைகுறையாகவே கேட்டிருப்பீர்கள். அதனால் ஐயா சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். இலங்கை சுதந்திரம் வாங்கிய 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஆட்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. மறு வருடம் ஓட்டுரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். "எங்கள யாரும் கேக்கல, எண்ணத்தான் செஞ்சாங்க" என்பார் ஐயா. நூறு வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் பாடுபட்ட ஜனங்களைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சொந்தக்காரர்கள் நின்று அழுவார்கள், பெட்டிக்குள் இருப்பவர்களும் அழுவார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்த குடும்பங்கள் உண்டு. ஐயாவின் தங்கை அங்கேயே நின்றுவிட்டார். கப்பல் போக்குவரத்து 1984இல் நின்றது. பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது, அப்புறம் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்தார்கள். ஐயா இறந்த அன்று அந்த அம்மா அங்கிருந்து போனிலேயே ஒப்பாரி வைத்தார். ஐயாவின் மகள் போனைப் பிரேதத்தின் தலைமாட்டில் வைத்திருந்தார். பாட்டு முடியும்வரை தப்பு மேளம் அடிக்காமல் நிறுத்தி வைத்திருந்தோம்.

ஐயாவின் டிரங்குப் பெட்டியை அவருடைய மகள் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார். குடும்ப அட்டை நகல்கள், கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த தாள்கள், மனு நகல்கள் எல்லாம் துணியில் சுற்றிக் கற்பூரம் போட்டு வைத்திருக்கிறார். அடியில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. எந்தக் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, ஆட்களை வேலை வாங்கிய கங்காணி யார், உறவில் யார் யார் அங்கே நின்றார்கள், மண்டபத்திலிருந்து யாரை எங்கே அனுப்பினார்கள் என்று வீடு வீடாக எழுதியிருக்கிறார். தொழில் கடனைக் கையில் கொடுத்து முன்பின் தெரியாத ஊர்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும் அதில் உண்டு. அவற்றில் சில கடன் பணம் தீர்ந்ததும் நீலகிரிக்கே திரும்பி வந்தன. ஐயா அதையும் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார். சில பக்கங்களில் பூச்சி அரித்திருக்கிறது. இந்த நோட்டு பற்றி நிர்வாகக் குழு எடுத்த முடிவைப் பின்னால் சொல்கிறேன்.

ஆயாம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் கை நிற்காது. அரசு தேயிலைத் தோட்டம் 1968இல் நம் மக்களைக் குடியமர்த்துவதற்கென்றே தொடங்கப்பட்டது, பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகமானது. ஆண்கள் காட்டை வெட்டிக் குழி போட்டார்கள், பெண்கள் கன்று நட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளை யார் பார்த்தது என்று கேட்டால், இந்தப் பக்கத்தில் பதில் ஆயாம்மாதான். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் சேலைத் தொட்டில்களை அவர் இஷ்டத்துக்குக் கட்டமாட்டார். அன்றைக்கு எந்தப் பெண்கள் கிட்ட மலையில் நிற்கிறார்கள், யார் தூர மலையில் நிற்கிறார்கள் என்று ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டிலேயே கேட்டு வைத்துக்கொள்வார். தூர மலைக்காரியின் பிள்ளைத் தொட்டில் வாசலோரம். பால் கொடுக்க ஓடி வருகிற தாய் இரண்டு எட்டு குறைவாக நடக்கட்டும் என்றுதான். வருகிறவளுக்கு முதலில் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. அவள் மூச்சு வாங்கி முடித்த பிறகே பிள்ளையைக் கையில் கொடுப்பார். நானும் அந்த வாசலோரத் தொட்டிலில் கிடந்தவன் என்று என் அம்மா சொல்வார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அவர் இடுப்பில் இருந்தவர்கள்தான்.

வேலை ஓய்வுக்குப் பிறகு தோட்டக் குடியிருப்பில் இருக்க முடியாது என்பதால் கடைசிக் காலத்தில் மகனுடைய ஒற்றை அறை வீட்டில் இருந்தார். அங்கேயும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரிடம்தான் கிடந்தார்கள். அவருடைய சாவுக்கு மேப்பாடியிலிருந்து, வால்பாறையிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்தார்கள். பாடைத் தேர் தூக்க ஆள் மாற்றி ஆள் முந்தினார்கள்.

தப்புக்கார மாமா சிறுவனாகக் கப்பலில் வந்தவர். தப்பு அவருடைய அப்பா தோட்டத்தில் பெரட்டுக்கு அடித்த தப்பு. ஆளை எழுப்பி வேலைக்கு அனுப்ப அடித்த அந்தத் தப்பைச் சாமிக்கும் கூத்துக்கும் மட்டும்தான் இனிமேல் அடிப்பேன் என்று மாமா வைராக்கியமாக இருந்தார். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியது முதல் பௌர்ணமி இரவில் காமனை எரிக்கும்வரை அவருக்கு வீடு கிடையாது. ரதி புலம்பும்போது எல்லாரும் பாட்டைக் கேட்பார்கள், மாமா அடியைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோய் விரல் நுனியில் நிறுத்துவார். இந்த மாசியில் படுக்கையிலிருந்தபடியே பாடம் சொன்னார். அவரிடம் கற்ற இரண்டு பையன்கள் அடித்தார்கள். தாளம் சற்றுத் தடுமாறியது, ஆனாலும் கூத்து நிற்கவில்லை. பங்குனியில் மாமா போனார். அந்தப் பையன்கள்தான் அவர் சாவுக்கும் அடித்தார்கள், தடுமாறாமல் அடித்தார்கள்.

மற்ற இருவரும் இங்கே பிறந்தவர்கள். சாகிற வயது இல்லை. வாட்ச்மேன் தம்பி விடியற்காலைப் பனிமூட்டத்தில் வேலைக்குப் போகும் வழியில் யானை அடித்து இறந்தார். தேயிலைக்கு நடுவில் யானை நின்றால் பனியில் கிட்டப் போகும்வரை தெரியாது. யானை வழித்தடத்தில்தான் நம்மைக் குடியமர்த்தியிருக்கிறார்கள், யானையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தப் பாதையில் விளக்கு வேண்டும் என்று நாம் கேட்டு வருவது நேற்று இன்றல்ல. அவருடைய மனைவிக்கு நிவாரணத் தொகை கிடைத்துவிட்டது, வேலைக்கான மனு நிலுவையில் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த நம் பையன் ரோட்டு விபத்தில் போனான். பிரேதம் ஊர் வந்து சேரும்வரை உடனிருந்த திருப்பூர் நண்பர்களுக்குச் சங்கம் நன்றி சொல்கிறது. அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

நம் உறுப்பினர் இல்லையென்றாலும் நம்மவர்களாகிய இன்னும் சிலரையும் நினைக்க வேண்டும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிந்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேப்பாடித் தோட்டத்துப் பாடிகளில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், நமக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு, பெண் கொடுத்திருக்கிறோம். சேதி வந்ததும் நம் இளைஞர்கள் அரிசி, போர்வை, மெழுகுவர்த்தி கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போனார்கள். மலையாளி, தமிழர் என்ற பேச்சே அங்கே இல்லை. அந்தப் பிள்ளைகளை இந்தச் சபையில் எழுந்து நிற்கச் சொல்லித் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இனி அலுவல் விஷயங்கள். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆறு குடும்பங்களுக்கும் மரணாதார நிதி சாவு வீட்டிலேயே கையில் கொடுக்கப்பட்டது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பாதை விளக்கு, பெயர்ப் பிழை, சாதிச் சான்றிதழ் பற்றிய மனுக்கள் கொடுத்திருக்கிறோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கட்டிவிடுங்கள்.

ஐயாவின் நோட்டு பற்றி நிர்வாகக் குழு எடுத்த முடிவு இது. முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது. அப்புறம், கப்பலில் வந்தவர்கள் இன்னும் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் போய், தோட்டத்தின் பேர், டிவிஷன், வந்த வருடம், அங்கே நின்ற உறவு, தெரிந்த பாட்டு, ஒப்பாரி என்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது. வாயில் வந்தபடியே எழுதினால் போதும், திருத்தவேண்டாம். கல்லூரி படிக்கும் மூன்று பெண் பிள்ளைகள் இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். ஒரு மஸ்கெலியா பாட்டி போனபோது ஒரு தெருவே எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவர்களில் ஒருத்தி கூட்டத்தில் சொன்னாள். அதனால்தான் அவசரம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பெரியவர்கள் "எனக்கு என்ன தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் பழைய குடும்ப அட்டை, பாஸ்போர்ட், கடிதம், போட்டோ எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். படமெடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

பெட்டி வைக்கச் சங்க அறையில் ஓர் இரும்பு அலமாரி தேவை. அதற்கான செலவுக்குப் பேரவையின் அனுமதியையும், இந்த அறிக்கைக்கு உங்கள் ஒப்புதலையும் கேட்டு அமர்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்