பொம்மியின் அட்டையைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்: கோல்டு திட்ட உறுப்பினர், ஜோகுபாளையா, அல்சூர், பெங்களூரு. (உறுப்பினர் எண் உங்கள் திரையில் இருக்கும்.)

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள், செல்லப்பிராணி கிளினிக் குழுமம்

பொருள்: அல்சூர் கிளையில் காணாமல்போன மருத்துவ அட்டை, கோல்டு திட்டப் பணம், ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை இரவு

ஐயா / அம்மா,

வணக்கம். இது என்னுடைய ஐந்தாவது புகார். முதல் நான்கையும் உங்கள் செயலியில் எழுதினேன். நான்குக்கும் 'டிக்கெட் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. என்ன தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. செயலியில் மொழி என்ற இடத்தில் தமிழும் இருப்பதால் தமிழில் எழுதுகிறேன். படிக்க ஆள் இல்லையென்றால் தயவுசெய்து அந்த மொழியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எனக்கு முதலில் வேண்டியது என் நாய் பொம்மியின் பழைய அட்டை.

அல்சூரில் நீங்கள் போன நவம்பரில் வாங்கிய கிளினிக்கில் ஒரு சாம்பல் நிற இரும்பு பீரோ இருந்தது. அதில் மஞ்சள் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார் பழைய டாக்டர். சொந்தக்காரர் பேரில் அடுக்க மாட்டார், நாயின் பேரில்தான் அடுக்குவார். 'ப' வரிசையில் பொம்மி என்று மூன்று பேர். எங்கள் பொம்மியின் அட்டையில் 'வெள்ளை, இடது காது மடங்கியது, 2016, தெருவில் கிடைத்தது' என்று எழுதியிருக்கும். 2021-ல் அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்ததும், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) நாற்பதாயிரத்துக்கு இறங்கியதும், டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்ததும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பாள் என்பதும் அதே அட்டையில் டாக்டரின் கையெழுத்தில் இருக்கிறது. நாய்க்குச் சாதாரணமாக இரண்டு லட்சத்துக்கு மேல் தட்டணு இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த அட்டை எங்கே?

உங்கள் கிளைப் பெண்ணிடம் கேட்டால் 'எல்லாம் டிஜிட்டலைஸ் ஆயிடுச்சு மேம்' என்கிறார். செயலியைத் திறந்தால் பொம்மியின் பக்கத்தில் 'முந்தைய வரலாறு: இல்லை' என்று இருக்கிறது. ஒன்பது வருஷம் வளர்த்த நாய்க்கு வரலாறு இல்லையாம்.

இப்போது உங்கள் கால் சென்டர் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரிசைப்படி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவன் குரல் காதிலேயே நிற்கிறது. ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை, இரவு பத்தேகால். பொம்மியின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. ஒரு கையில் துண்டு, ஒரு கையில் போன். 'ஒன்றை அழுத்தவும், நான்கை அழுத்தவும்' என்றதையெல்லாம் மூக்குப்பொடி டப்பாவின் மூலையால் அழுத்தினேன். (ஆமாம், பொடி போடுவேன். அது உங்கள் திட்டத்தில் இல்லை.) பதினோரு நிமிஷம் பாட்டுக் கேட்டபிறகு அவன் வந்தான். பெட் ஐடி கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். அப்புறம் கேட்டான்:

"மேடம், உங்க பெட் இன்னும் ஆக்டிவ்வா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "ரத்தம் வருதுப்பா, சுருண்டு படுத்திருக்கா" என்றேன். "இல்ல மேடம், சிஸ்டத்துல இன்ஆக்டிவ்னு காட்டுது. உயிரோட இருந்தா ரீஆக்டிவேட் பண்ணணும்" என்றான். நான் அழ ஆரம்பித்தேன். "மேடம், இப்படிப் பேசினா கால் கட் பண்ண வேண்டி வரும்" என்றான். அழுவதும் உங்கள் விதிப்படி வசைதானா? அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரமே தொடக்கத்தில் சொன்னது. எடுத்துக் கேளுங்கள்.

அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, உங்கள் வீடியோ டாக்டரைப் பார்த்திருந்தேன். வியாழன் சாயங்காலத்திலிருந்து பொம்மி சாப்பிடவில்லை. கோல்டு திட்டத்தில் வீடியோ ஆலோசனை இலவசம் என்பதால்தானே 11,999 ரூபாய் கட்டினேன். அவர் நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினார். வயது கேட்டார், எடை கேட்டார், அஜீரணம் என்றார். 2021-ல் உண்ணிக் காய்ச்சல் வந்தது என்று நான்தான் சொன்னேன். 'ரெக்கார்டுல இல்லையே மேம்' என்றார். ரெக்கார்டு சொன்னால்தான் நோய், நாய்க்காரி சொன்னால் கதை.

பழைய டாக்டராக இருந்தால் என்ன செய்திருப்பார் தெரியுமா? உதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலை அழுத்துவார். விரலை எடுத்ததும் சிவப்பு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்ப்பார். காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுவார். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அதில் கிருமி எல்லா முறையும் கண்ணில் பட்டுவிடாது, ஆனால் தட்டணு குறைந்திருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நூற்றைம்பது ரூபாய் வாங்குவார். சில்லறை இல்லையென்றால் அடுத்த முறை.

அவரை நான் தெய்வமாக்கவில்லை. ரசீது கேட்டால் முறைப்பார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பார். எக்ஸ்ரே வேண்டுமென்றால் தான் படித்த ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்கே அனுப்பிவிடுவார். உங்களிடம் ஏசி இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, பூனைக்குத் தனி அறை இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். எட்டு மாதத்தில் ஐந்து டாக்டர்களையும் பார்த்துவிட்டேன். ஐந்து பேரும் 'பேர் என்ன, வயசு என்ன' என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பெண் டாக்டர் தரையில் உட்கார்ந்து பொம்மியைப் பார்த்தார். அடுத்த மாதம் அவர் இல்லை.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அந்தத் தம்பி, உங்கள் எச்எஸ்ஆர் லேஅவுட் கிளை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும், அங்கே போங்கள் என்றான். மழை. மூன்று ஆட்டோ நாயைப் பார்த்ததும் கிளம்பிவிட்டது. நாலாவது ஆட்டோக்காரர் ஆம்பூர்க்காரர். "ஏறும்மா, ரத்தம் பட்டா கழுவிக்கலாம்" என்றார். தொம்லூர் தாண்டி, ஈஜிபுரா மேம்பாலத் தூண்களுக்கு அடியில் தண்ணீரில் நீந்தி, முக்கால் மணி நேரம். அறுநூறு ரூபாய் கேட்டார், நான் எழுநூறு கொடுத்தேன். அன்று இரவு எனக்கு உருப்படியான சேவை செய்தது அவர் ஒருவர்தான்.

உங்கள் கிளையில் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. செக்யூரிட்டி குனிந்து போகச் சொன்னார். அறுபத்திரண்டு வயதில், பதினெட்டுக் கிலோ நாயோடு குனிந்து போனேன். வரவேற்பில் இருந்த பெண், பழைய நோயாளி விவரம் வரவில்லை, புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், அவசரக் கட்டணம் 1,500 முதலில் கட்டுங்கள் என்றார். கட்டினேன். உள்ளே ஒரு அறை. எஃகு மேசை. சுவரில் டிவி. அந்த டிவியில், வெள்ளிக்கிழமை என் போனில் வந்த அதே பையன்!

பத்து கிலோமீட்டர் மழையில் நாயைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டிலேயே பார்த்திருக்கக்கூடிய முகத்தைப் பெரிய திரையில் பார்த்தேன். இதைத் தயாரித்த உங்களுக்கு இதில் ஏதாவது பொருள் இருக்கலாம். எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், 6,800 ரூபாய், ரிப்போர்ட் திங்கட்கிழமை என்றார்கள். ஈறை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது புதன்கிழமை. 'மாதிரி உறைந்துவிட்டது, மீண்டும் அனுப்பவும்.' பணம் மட்டும் உறையவில்லை, போய்விட்டது.

அதற்குள் என்ன நடந்தது என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீங்கள் வேலையை விட்டு அனுப்பிய பழைய கம்பவுண்டர் ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்தார். உதட்டைத் தூக்கினார். "அம்மா, வெளுத்திருக்கு, உண்ணிக் காய்ச்சல் திரும்பிடுச்சு" என்றார். பிரேசர் டவுனில் தனியாகக் கிளினிக் நடத்தும் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை, இருந்தும் கதவைத் திறந்தார். தட்டணு முப்பத்தெட்டாயிரம். அன்று ராத்திரியே தயிர்சாதத்தில் வைத்து மாத்திரை கொடுத்தேன். பொம்மி பிழைத்துவிட்டாள். உங்கள் கணினியில் இன்னும் இன்ஆக்டிவ்.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் பூனை வளர்க்கிறாள். இதையெல்லாம் சொன்னபோது அவள் சிரித்தாள். அங்கே 1999-ல் விதியை மாற்றி, கால்நடை மருத்துவர் அல்லாதவர்களும் கிளினிக் வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம். 2013-ல் பத்தில் ஒரு கிளினிக்தான் பெரிய குழுமங்களிடம் இருந்தது. பத்தே வருஷத்தில் பத்தில் ஆறு அவர்கள் கைக்குப் போய்விட்டது. 2024-ல் அந்த நாட்டு வணிகப் போட்டி ஆணையம் முறையான விசாரணையையே தொடங்கியது. பழைய பெயர்ப்பலகை அப்படியே தொங்குவதால் கிளினிக் கைமாறியது பலருக்குத் தெரிவதில்லை என்பதும் அங்கே ஒரு புகார். நீங்களும் பழைய டாக்டரின் பலகையை மார்ச் மாதம்வரை கழற்றவில்லை. ஜனவரியில் நான் பணம் கட்டியது அந்தப் பலகையை நம்பித்தான்.

நான் சண்டைக்காரி இல்லை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஒரு மாற்றுச் சான்றிதழைக்கூடத் தொலைத்ததில்லை. அதனால்தான் ஒரு அட்டை தொலைந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தயவுசெய்து 11,999-ஐயும், 1,500-ஐயும், 6,800-ஐயும், ஆட்டோ போகவர 1,400-ஐயும் திருப்பித் தாருங்கள். இது போக மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்கிறேன். அதிகம் என்று தோன்றினால், அந்த இரவு என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று என் டாக்டரைக் கேளுங்கள். அவர் என்னைத் தொட்டுப் பார்த்துதான் சொன்னார். என் ஆயுளில் பத்து வருஷம் போயிருக்கும். அதற்கு ஒரு லட்சம் மலிவு.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுவேன். அதற்கும் அசையாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றவள், எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. ரசீதுகள், செயலிப் படங்கள், அந்த ஆட்டோக்காரரின் எண் எல்லாம் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.

அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம். அவன் எதிரில் இருக்கும் திரையில் 'இன்ஆக்டிவ்' என்ற அந்தச் சொல்லை மாற்றுங்கள், போதும்.

பணம் தாமதமானாலும் பரவாயில்லை, அட்டை முதலில் வரட்டும். பீரோவை எடைக்குப் போட்டிருந்தால் அதையாவது நேராகச் சொல்லுங்கள். அட்டை கிடைத்தால் கூரியரில் அனுப்ப வேண்டாம். ஒரு போன் செய்யுங்கள், பொம்மியைக் கூட்டிக்கொண்டு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொம்மி வீட்டம்மா

பி.கு.: நேற்று உங்களிடமிருந்து 'பொம்மிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள், கோல்டு திட்டத்தைப் புதுப்பிக்க 20 சதவீதம் தள்ளுபடி' என்று செய்தி வந்தது. அவளுடைய பிறந்தநாள் எங்களுக்கே தெரியாது.