காளை வாங்குற விஷயமா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். நாங்க நல்லா இருக்கோம், மாடு கன்னும் நல்லா இருக்கு. நாட்டு மாட்டை வித்துட்டு எச்.எஃப்.ங்கிற வெளிநாட்டுப் பால் இனத்தோட கலப்பு மாடு வாங்கணும், சிமெண்ட் தரை போட்டு கொட்டகை கட்டணும், பணம் நீ அனுப்புறேன்னு சொன்னதா அப்பா சொன்னார். பணம் அனுப்புப்பா. ஆனா கொட்டகைக்கு வேணாம், காளைக்கு அனுப்பு. போன்ல சொல்ல வந்தா பாதியிலயே கட் ஆயிடுது, அதான் உட்கார்ந்து எழுதுறேன்.

நாம பால் ஊத்துற வீடு இல்லை. மாதவரம் பக்கம் பால் கறந்து விக்கிறவங்க கணக்கு வேற, அவங்களுக்கு கலப்பு மாடு சரி. இடையஞ்சாவடிக்கு நம்மளைத் தேடி வர்றவங்க, வளர்க்க இளம் பசுக் கிடேரிக்கும், இனம் பெருக்கப் பொலிகாளைக்கும் வர்றாங்க. மேய்ச்சல்லயே நிக்கிற மாடுன்னு நம்பி வர்றாங்க.

சினை சுமார் 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா மிச்சம் இருக்கிறது 85 நாள்தான். அதுக்குள்ள கன்னுக்குப் பால் கொடுத்து, உடம்பு தேறி, பருவத்துக்கு வந்து, சினையும் பிடிக்கணும். பருவம் 21 நாளைக்கு ஒரு தடவை. ரெண்டு தடவை தவறினா அந்த வருஷம் போச்சு. புல்லை மட்டும் தின்னு இதைச் செய்யுற பசுதான் நம்ம மந்தையில இருக்கணும், மடி அழகு கொம்பு அழகெல்லாம் அப்புறம். விலா எலும்பு துருத்தி நிக்கிற நிலையில கன்னு போட்ட மாடு, மாசக்கணக்கா பருவத்துக்கே வராது. புண்ணாக்கும் தவிடும் வச்சா வரும்தான். ஆனா அப்படி சினை பிடிச்ச மாட்டோட கிடேரியை மேய்ச்சல் மாடுன்னு சொல்லி இன்னொருத்தர் தலையில கட்ட எனக்கு மனசு வராது.

இதுக்காகத்தான் காளையை வருஷம் பூரா மந்தையோட விடாம பங்குனிக் கடைசியில சேர்க்குறோம். அப்பதான் தை மாசம் கன்னு விழும். மழை நின்னு கொற்றலையாத்துத் தண்ணி வடிஞ்சு, மேட்டுல அருகம்புல் அடர்ந்து நிக்கிற நேரம் அது. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் அப்பதான் கிடைக்கும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினது நீயும் செய்தியில பார்த்திருப்ப. தண்ணி வடிஞ்சதும் ஓடையோரம் போய்ப் பார்த்தோம். கோரைத் தண்டுல முழங்கால் உயரத்துக்கு ஒரே சீரா கறுப்புக் கோடு. அப்பா ஒரு தண்டை விரலால வழிச்சார், பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு, சோப்பு போட்டுக் கழுவியும் அந்த வாடை போகலை. கூட வந்த கிழட்டுப் பசு மோந்து பார்த்துட்டு மூச்சை உஸ்ஸுன்னு விட்டு முகத்தைத் திருப்பிக்கிச்சு. அதுல இருந்து மழைக்காலத்துல பள்ளத்துப் பக்கம் மாட்டை விடுறதே இல்லை. தேங்கின தண்ணியில நத்தை சேரும், அதால ஈரல்ல தட்டைப்புழு விழுற பயமும் இருக்கு.

இப்ப காளை விஷயம். நம்ம காளையோட மகளுங்களே பருவத்துக்கு வந்தாச்சு. இனி அந்தக் காளையை மந்தையில வச்சிருந்தா சொந்த மகளையே சினையாக்கிடும், அதனால வச்சிருக்கக் கூடாது. நீ காங்கேயம் காளை படம் அனுப்பின. அதோட திமிலுக்கும் நடைக்கும் ஈடு கிடையாது, நானும் ஒத்துக்குறேன். ஆனா அது கொரங்காடுன்னு சொல்ற வறண்ட மேய்ச்சல் காட்டுல கொழுக்கட்டைப் புல் மேஞ்சு வளர்ந்த இனம், காய்ஞ்ச பூமிக்காரன். நம்ம நிலம் சேறும் உப்பும். அதனால எனக்கு உம்பளச்சேரிதான் வேணும். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்து மாடு, சேத்து வயல்ல உழுது பழகின ஜாதி. கன்னு சிவப்பா பிறந்து சில மாசத்துல சாம்பல் நிறமா மாறும், நெத்தியில வெள்ளைப் பொட்டு இருக்கும். உங்க அப்பா, "குள்ளமா இருக்கே, வாங்க வர்றவங்க முகம் சுளிப்பாங்க"ங்கிறார். சுளிக்கட்டும். சேத்துல நின்னு மேஞ்சு வருஷா வருஷம் கன்னு போடுறதைப் பார்த்தா அடுத்த வருஷம் அவங்களே வருவாங்க.

திருவாரூர் மாவட்டம் கொருக்கையில இந்த இனத்துக்குன்னே அரசுப் பண்ணை இருக்கு. மொதல்ல அங்க விசாரிக்கணும். எங்க வாங்கினாலும் காளையை மட்டும் பார்த்துட்டு விலை பேச மாட்டேன், அதோட தாயைப் பார்க்கணும். வயசான பிறகும் கன்னு போடுதா, காம்பு சின்னதா சீரா இருக்கா, குளம்பு கெட்டியா இருக்கான்னு பார்க்கணும். சினை கலைய வைக்கிற கன்று வீச்சு நோய் இருக்கான்னு ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்ச நாள் தனியா கட்டி வச்சு, அப்புறம்தான் மந்தையில விடுவோம்.

பங்குனிக்குக் காளை இங்க இருக்கணும், அதனால மாசி பிறக்குறதுக்குள்ள பணம் வந்துடணும். முழுசா முடியலைன்னா பாதி அனுப்பு, ரெண்டு கிடேரியை விக்கிறதுக்கு விலை பேசி வச்சிருக்கோம், மிச்சத்தை அதுல பார்த்துக்குறேன். அப்பாகிட்ட நீயும் ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னா கேட்பார். வேளாவேளைக்கு சாப்பிடு.

அன்புடன்,
அம்மா