மேல்தோட்டத்துக்கும் கீழ்த்தோட்டத்துக்கும் என் நன்றி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், எங்கள் தோட்டத்தில் வந்து உழைத்த எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சரிவு நிலத்தைப் படிப்படியாக வெட்டிச் சீராக்கிய பின், இந்த முறை இரண்டு பருவமழையிலும் அங்கே மண் நின்றது. மழைக்காலக் கார்போக உருளைக்கிழங்கு அழுகாமல் விளைந்தது. அதற்கு அப்புறம் போட்ட கேரட்டும் பாத்தியோடு அடித்துக்கொண்டு போகவில்லை. வழியில் பார்ப்பவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. செய்த வேலையைச் சொன்னாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலம் நீலகிரியில் எமரால்டு பக்கம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் இங்கே பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாள் எப்போதாவது வருவதுதான். ஆனால் சாதாரண மழையே இந்தச் சரிவுகளில் மண்ணை அரித்துவிடும். உருளைக்கிழங்குக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அதனால் தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று கிழங்கு நடும் மண்மேடுகளான பார்களை மேலிருந்து கீழாகப் பிடிப்பது இங்கே நெடுநாள் பழக்கம். தண்ணீர் வடியும், கூடவே மண்ணும் போகும். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனால் அது ஏறக்குறைய 5 டன். போட்ட தொழுவுரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த மண் ஓடைக்குப் போய், கடைசியில் குந்தா அணையில் சேறாகப் படிகிறது.

சரிவில் விவசாயம் செய்கிறவர் தன் நிலத்துக்குள் மட்டும் வேலை செய்து மண்ணைக் காப்பாற்ற முடியாது. தண்ணீர் மேலே இருப்பவர் நிலத்திலிருந்து வருகிறது, கீழே இருப்பவர் நிலத்துக்குப் போகிறது. அந்த இரண்டு பேரும் சம்மதிக்காவிட்டால் படி வெட்டியும் பிரயோஜனம் இல்லை. ஆகவே முதல் நன்றி அந்த இரண்டு பேருக்கு.

மேல்தோட்டத்து அண்ணா, உங்கள் நிலத்திலிருந்து வரும் வெள்ளம் எங்கள் முதல் படியில் விழாமல் ஓரமாகத் திரும்ப ஒரு வாய்க்கால் வேண்டும் என்று கேட்டு வந்தோம். எங்கள் எல்லைக்குள் வெட்டினால் அந்த இடத்துச் செங்குத்தில் கரை நிற்காது. உங்கள் கடைசிப் பாத்தியை விட்டுக்கொடுத்தீர்கள். பீட்ரூட் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. ஒரு பாத்தி என்றால் இங்கே சும்மா இல்லை, எனக்குத் தெரியும்.

கீழ்த்தோட்டத்து அக்கா, உங்களைப் பற்றி நிறைய எழுத வேண்டும். எல்லாப் படிகளின் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்து உங்கள் வேலியோரமாகத்தான் ஓடைக்கு இறங்க வேண்டும். பரவி வந்த தண்ணீரை ஒன்றாகச் சேர்த்து விட்டால் அதன் வேகம் பல மடங்கு. நீங்கள் முடியாது என்று சொல்லியிருந்தால் ஊரில் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் மறுக்கவில்லை, கேள்வி கேட்டீர்கள். எவ்வளவு தண்ணீர் வரும், வேகத்தை எங்கே குறைப்பீர்கள், கல் யார் போடுவது, நாலு வருஷம் கழித்துக் கரை உடைந்தால் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். அந்தக் கேள்விகளால்தான் வாய்க்காலில் கல் படிகள் வந்தன. உங்கள் எல்லைக்கு முன்னால், தண்ணீரோடு வரும் மண் தங்கிவிட வண்டல் குழி வந்தது. "முதலில் வாய்க்காலில் புல் பிடிக்கட்டும், அப்புறம் தண்ணீரைத் திறங்கள்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, படி வெட்டும் முன்பே வடிகாலை முடித்தோம். பொறியாளரும் அந்த வரிசைதான் சரி என்றார். இன்று அந்த வாய்க்காலில் எவ்வளவு மழை பெய்தாலும் தரை தெரியாத அளவுக்குப் புல் படுத்திருக்கிறது.

அந்தப் பொறியாளர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. வேளாண்மைப் பொறியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் வாங்கவில்லை. இரண்டு கம்பு, ஒரு குறுக்குச் சட்டம், கயிற்றில் கட்டிய ஒரு கல், இவ்வளவை வைத்து ஏ வடிவச் சட்டம் செய்து, சரிவில் சமமட்டக் கோடு பிடிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சட்டத்தை ஒருமுறை வைத்துக் கயிறு விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டால் அதுதான் மட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அரை நாளில் பழகிக்கொண்டார்கள். வாட்டம் கொடுக்க வேண்டிய இடத்தில், கால்களுக்கு நடுவே 2 மீட்டர் இருக்கும் சட்டத்தில், இறங்கும் பக்கத்துக் காலின் அடியில் 2 சென்டிமீட்டர் கட்டை ஒன்றைச் சேர்த்துக் கட்டச் சொன்னார். அப்படி அளந்தால் 100 அடிக்கு ஒரு அடி இறக்கம் கிடைக்கும்.

அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் உட்சரிவு. படியின் வெளி விளிம்பு உயர்ந்தும் மலைப்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும், 10 அடி அகலத்துக்கு 3 அங்குலம். மழைநீர் விளிம்பைத் தாண்டிக் கீழே குதிக்காமல் உள்பக்கம் போய், மலையடியில் இருக்கும் சிறு வாய்க்கால் வழியாக மெதுவாக வெளியேறும். கிழங்கின் வேரிலும் தேங்காது, கரையையும் அறுக்காது. கன மழையும் உருளைக்கிழங்கும் சேர்ந்து இருக்கும் இந்த மலைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அவருக்காகச் சொல்ல வேண்டும். நிலத்தின் மேல் மூலையில், சரிவு மிக அதிகமாக இருக்கும் இடத்தில் படி வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே மரமும் புல்லும்தான். படி வெட்டிவிட்டால் மண்சரிவே வராது என்று யாரும் நம்பிவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார். இங்கே பக்கத்துச் சரிவுகளில் வேலை தொடங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, மண்ணை வெட்டிய கைகளுக்கு. இந்த மாவட்டத்தில் நினைத்தபடி பொக்லைன் இறக்க முடியாது, அப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது நல்லதுதான். ஆகவே எல்லாம் மண்வெட்டியும் கடப்பாரையும். வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1964-இல் இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தால் இங்கே வந்து, தேயிலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் இந்த மலைக்காக உழைத்தவர்கள். அவர்களில் மூத்த தாத்தா ஒருவர் சின்ன வயதில் அங்கே தேயிலை மலையில் கான், அதாவது வடிகால், வெட்டியவர். வாய்க்கால் கரை எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பதை அவர் மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்துச் சொல்வார். கீழ்ப் படியிலிருந்து தொடங்கி மேலே போகச் சொன்னதும் அவர்தான். மேல் படியில் எடுக்கும் கறுப்பு மேல்மண்ணைக் கீழே வெட்டி முடித்த படியில் பரப்பிவிடலாம். வளமான மண் அடியில் புதைந்து, மலட்டுச் செம்மண் மேலே வந்துவிடும் ஆபத்து இல்லை. தாத்தா, நீங்கள் கூலி வாங்கிக்கொண்டீர்கள், உண்மைதான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததற்குக் கூலி நாங்கள் கொடுக்கவில்லை.

உங்களோடு வந்த அக்காமார்களுக்கும் நன்றி. கல்லை ஒன்றின் மேல் ஒன்று சிமெண்ட் இல்லாமல் அடுக்கி, இடுக்கில் சில்லுக் கல் வைத்து இறுக்கிய அந்தக் கல்கட்டு ஒரு கல்கூட நகரவில்லை. மழைநீர் இடுக்கு வழியாகக் கசிந்து போகிறது, சுவரைத் தள்ளவில்லை.

மாடு வளர்க்கும் பெரியம்மா, படிக்கரைகளில் நட ஓடைக்கரைப் புல்லை வேரோடு பெயர்த்துக் கொடுத்தீர்கள். பதிலுக்கு வாரம் ஒருமுறை அறுத்துக்கொள்ள அனுமதி கேட்டீர்கள். அனுமதியா? நீங்கள் அறுப்பதால்தான் அது பாத்திக்குள் படராமல் கரையிலேயே தூர் கட்டி நிற்கிறது. தோட்டக்கலைத் துறை அலுவலர் முதல் போகத்தில் கிழங்கு வேண்டாம், சுண்ணாம்பு போட்டு லூபின் என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து மண்ணுக்குள் மடக்குங்கள் என்று சொன்னார். ஒரு போகத்து வருமானத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் மனத்துணிவு எல்லோருக்கும் வராது. அவருக்கும், பொறுத்துக்கொண்ட எங்கள் வீட்டாருக்கும் நன்றி.

பாசனத்தில் விளையும் நீர்போகத்து விதைப்பு முடிந்து, ஏப்ரல் மழைக்கு முன் வண்டல் குழிகளைத் தூர்வார வேண்டும். அதில் சேர்ந்திருக்கும் மண்ணைக் கூடையில் அள்ளி மேல் படியிலேயே போடப் போகிறோம். கீழ்த்தோட்டத்து அக்காவுக்குக் கொடுத்த வாக்குப்படி வாய்க்கால் கல்லும் அன்றைக்கே சரிபார்க்கப்படும். நாள் குறித்ததும் ஊரில் சொல்கிறேன், சாப்பாடு எங்கள் வீட்டில். புல் நாற்று வேண்டுபவர்கள் அன்று சாக்கு கொண்டு வாருங்கள். ஏ சட்டம் சமுதாயக் கூடத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அளக்கத் தொடங்கும் முன் கயிற்றை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மிகுந்த நன்றியுடன்,
நடுத்தோட்டத்துக்காரி