டேங்கைத் தோண்டி எடுக்கும் நாளில் மண்ணையும் பாருங்கள்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், உறுப்பினர் செயலர், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பெட்ரோல் பங்குகளில் பழைய நிலத்தடி டேங்கை எடுத்துவிட்டுப் புதியதைப் புதைக்கும்போது குழி சில நாள்தான் திறந்திருக்கும். அதன்பின் மணல் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுவிடுவார்கள். எரிபொருள் கசிந்திருக்கிறதா என்று அடிமண்ணை அதிகச் செலவில்லாமல் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அந்தச் சில நாள் மட்டுமே. மண் மாதிரி எடுக்காமல் குழியை மூடக் கூடாது என்று வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

கசிந்தால் இருப்புக் கணக்கிலேயே தெரிந்துவிடுமே என்பார்கள். 10,000 லிட்டர் பெட்ரோலின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே அளவு 10 லிட்டருக்கு மேல் கூடும், குறையும். ஆவியாகிப் போவது தனி. நாளொன்றுக்கு 5 லிட்டர் கசிவு இதற்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். ஆண்டுக்கு அது 1,800 லிட்டருக்கு மேல். 2013-ல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்தபோது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் காட்டிக்கொடுத்தது. கிணற்றில் வாடை வரும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

குழியில் எங்கே மாதிரி எடுப்பது? டேங்கைச் சுற்றிக் கொட்டிய மணலில் அல்ல. அது வெளியிலிருந்து வந்த மணல். கசிந்தது அதன் வழியே கீழே இறங்கியிருக்கும். டேங்கின் இரு முனைகளுக்கும் நேர் கீழே, இயற்கை மண் தொடங்கும் இடத்திலிருந்து அரை மீட்டருக்குள் எடுக்க வேண்டும். டேங்க் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. குழாய் இணைப்புகள், வண்டிகளுக்கு எரிபொருள் போடும் டிஸ்பென்சர்களின் அடிப்பகுதி, லாரியிலிருந்து எரிபொருள் இறக்கும் வாய் ஆகிய இடங்களில்தான் கசிவு அடிக்கடி அகப்படும். குழாய்ப் பாதையில் 6 மீட்டருக்கு ஒரு மாதிரி போதும்.

பி.ஐ.டி. என்கிற ஆவியளக்கும் கருவி களத்தில் இருந்தாக வேண்டும். ஜிப் கவரில் பாதியளவு மண்ணைப் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்து ஓரமாகத் துளையிட்டு அளக்கலாம். ஈரமண்ணில் அளவு குறைவாகக் காட்டும் என்பதால் அந்த எண்ணை முடிவாகக் கொள்ளாமல், எந்த ஆழத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். அதிக அளவு காட்டிய ஆழத்தில் ஒன்று, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒன்று, மாசு முடிந்துவிட்டதாகத் தெரியும் ஆழத்தில் ஒன்று எடுக்க வேண்டும். நான்கு இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக்குவது விவசாய மண் பரிசோதனைக்குச் சரி. இங்கே கலக்கும்போதே, பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சுப்பொருள் ஆவியாகிப் பறந்துவிடும். முனை வெட்டிய சிரிஞ்சால் 5 கிராம் மண்ணைக் குத்தி எடுத்து, 5 மி.லி. மெத்தனால் ஊற்றி முன்பே எடைபோட்டு வைத்த கண்ணாடிக் குப்பியில் உடனே போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் கவரில் வந்த மண்ணை ஆய்வகம் திருப்பி அனுப்பினால்கூடத் தப்பில்லை.

எந்தச் சோதனை என்பதில்தான் பெரிய ஓட்டை. எடைமுறையில் செய்யும் ‘எண்ணெய், கிரீஸ்’ சோதனையைக் கேட்டு வாங்கி, ‘கண்டறியப்படவில்லை’ என்ற தாளைக் கோப்பில் வைத்துவிடுவது சுலபம். அந்தச் சோதனையில் கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு மிஞ்சியதை எடைபோடுகிறார்கள். கரைப்பானோடு பெட்ரோலும் போய்விடும். பிறகு எதைக் கண்டறிவது? பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், நாப்தலீன் ஆகியவற்றை கலவையைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் டேங்க் என்றால் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில், அதாவது 2000-க்கு முன்பே இயங்கிய பங்குகளில் ஈயத்தையும் சேர்த்துப் பாருங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

மண்ணில் மாசு உறுதியானால் அடுத்தது நிலத்தடி நீரைச் சோதிக்கத் தோண்டும் கண்காணிப்புக் கிணறு. நம்மூரில் உடனே கிடைப்பது போர்வண்டி, அதைக் கூப்பிடாதீர்கள். கம்ப்ரஸர் காற்று ஆவியாகக்கூடியதையெல்லாம் ஊதித் தள்ளிவிடும். மேல்மண்ணில் தங்கியிருந்த பெட்ரோலுக்குக் கீழ்ப்பாறை வெடிப்புகள் வரை வழியும் திறந்துவிடும். சேலம், கோவை போன்ற பாறைப் பகுதிகளில் இது திருத்த முடியாத சேதம். முதல் ஒன்றரை மீட்டரைக் கேபிளும் குழாயும் அடிபடாமல் கையால் தோண்டி, அதற்குக் கீழே தண்ணீரோ காற்றோ செலுத்தாமல் திருகித் துளையிடும் ஆகர் கருவி கொண்டு இறங்க வேண்டும். நீரோட்டத்தின் திசை தெரிய, நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது தேவை.

பெட்ரோல் மிதக்கும். எனவே கிணற்றின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது பெட்ரோல் மண் துகள்களுக்கிடையே நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும். டிசம்பரில் கிணறு சுத்தமாகத் தெரியும். மே மாதம் அதே கிணற்றில் மறுபடி மிதக்கும். மழைக்காலத்து ஒற்றை மாதிரியை வைத்து ‘மாசு இல்லை’ என்று கோப்பை மூடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இரு பருவத்திலும் எடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் கவனம் இன்னும் கூட வேண்டும். நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் பென்சீன் சிதையாமல் அதிக தூரம் போகும்.

மாசடைந்த இடங்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2025 ஜூலையில் வந்துவிட்டன. சந்தேகத்துக்குரிய இடம் பட்டியலுக்கு வந்தால் வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். ஆனால் மூடிய குழி எந்தப் பட்டியலுக்கும் தானாக வராது. டேங்க் எடுப்பதற்கு 15 நாள் முன்பே மாவட்டப் பொறியாளருக்கு அறிவிப்பு, மாதிரி எடுக்கும்போது வாரிய அலுவலர் ஒருவர், தோண்டிய மண் முடிவு வரும் வரை தார்ப்பாய்க்கடியில் அதே வளாகத்தில் என்ற மூன்றையும் சுற்றறிக்கையில் எழுதுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் அந்த மண் லாரியேறி யாரோ ஒருவர் வீட்டு அஸ்திவாரத்தில் போய் விழும்.

இப்படிக்கு,
மண், நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் உள்ளோர் சிலர்