‘தொழிலாளி’யைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்பான தோழர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும்,

1964இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது நா. சண்முகதாசன் தலைமையில் தனியே நின்ற அணியின் தமிழ் ஆவணங்களைத் தேடி மின்வடிவாக்கும் வேலையில் முதற்கட்டம் முடிந்திருக்கிறது. அந்த அணியின் ‘தொழிலாளி’ பத்திரிகை, துண்டுப்பிரசுரம், மாநாட்டு அறிக்கை, சங்கப் பற்றுச்சீட்டு என்று கையில் இருந்ததைத் தந்த எல்லோருக்கும் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரும் இதில் இல்லை.

இவ்வளவு மிஞ்சியதே பெரிய காரியம். 1971 ஏப்ரலில் அரசுக்கு எதிரான ஆயுதக் கிளர்ச்சியை நடத்தியது மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.). அதன் தலைவர் றோகண விஜேவீர சண்முகதாசனின் கட்சியை விட்டு நீங்கி அதற்குள் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் சண்முகதாசனும் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த நாட்களில் பயந்து கடதாசிகளை எரித்தவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. பிறகு 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தது. அரிசி, உடுப்பு, பிள்ளைகளோடு ஒரு கட்டுப் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு போன அம்மாமாருக்கு எங்கள் முதல் வணக்கம். கட்சி வரலாற்றில் அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அந்த வரலாற்றைக் கொண்டுவந்து சேர்த்தது அவர்கள்தான்.

வந்த தாள்களைப் பிரிப்பதே முதற்சிக்கல். பிளவுக்குப் பிறகும் இரு அணிகளும் ஒரே பெயரையே வைத்திருந்தன. சீன வழியில் நின்ற சண்முகதாசன் அணிக்குப் ‘பீக்கிங் சார்பு’, சோவியத் வழியில் நின்ற மற்றதற்கு ‘மொஸ்கோ சார்பு’ என்பன மற்றவர்கள் இட்ட அடையாளம். துண்டுப்பிரசுரத்தின் தலைப்பில் ‘இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி’ என்று மட்டும் இருந்தால் அது யாருடையது என்று சொல்ல முடியாது. எந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்: ‘தேசாபிமானி’ என்றால் மொஸ்கோ அணி, ‘தொழிலாளி’ என்றால் சண்முகதாசன் அணி. தொழிற்சங்கமும் துப்புத் தரும். இலங்கைத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர் சண்முகதாசன். சம்மேளனத்தின் பெரும்பகுதி அவரோடு வந்துவிட, மற்ற அணி புதிதாக ஒரு சம்மேளனம் அமைத்தது. இதைப் பொறுமையாகச் சொல்லித் தந்து, பெட்டி மாறிக் கிடந்த தாள்களை இடம் சேர்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு நன்றி.

1966 ஒக்டோபர் 21 பற்றிய தாள்களே மிக அதிகம் கையாளப்பட்டு, மிக அதிகம் சிதைந்தவை. சுன்னாகத்தில் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்துக் கலைக்கப் பார்த்தது. அப்படியும் ஊர்வலம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து முற்றவெளியில் கூட்டம் நடந்தது. ‘சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்’ என்பது அன்றைய முழக்கம். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் எஸ். ரி. என். நாகரட்ணம் தலைமையில் உருவானது. சங்கானை, நிச்சாமம், சாவகச்சேரி, கொடிகாமம் என்று தேநீர்க்கடைக் கதவுகளும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலும் போராட்டக் களமாயின. சிறு கட்சிதான். ஆனால் சாதி காரணமாக ஆளை ஒதுக்குவதைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கடதாசியில் கிடந்தபோது தேநீர்க்கடைக்குள் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது இந்தக் கட்சியின் ஆட்கள். அதனால்தான் இந்தத் தாள்களை விடாமல் தேடினோம்.

ரோணியோ என்ற கைப் படியெடுப்பு இயந்திரத்தில் அடித்த ஒரு பிரசுரம் நான்காக மடித்தபடி வந்தது. சரியாகத் திகதி இருந்த வரியில் மடிப்பு. அந்த இடத்தில் எழுத்தே இல்லை, ஓட்டைதான். அதே பிரசுரத்தை மூன்று வீடுகளிலிருந்து வேறு மூன்று பேர் அனுப்பியபின், நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முழு வரியையும் வாசிக்க முடிந்தது. ‘இது ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்’ என்று தயங்காமல் அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி.

தாளைக் கையாண்ட இளையவர்களின் உழைப்பையும் சொல்ல வேண்டும். துருப்பிடித்த ஸ்ரேப்பிளைக் கொக்கியால் இழுத்தால் தாள் கிழியும்; பின்பக்கக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி முன்பக்கமாக எடுத்தார்கள். பழைய செலோடேப்பை உரித்தால் மையும் கூடவே வரும் என்பதால் அப்படியே விட்டார்கள். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி தென்பட்ட கட்டுகளைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தார்கள். எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் தாளில் படியும். ஸ்கான் செய்தது நிறத்தில்தான்: அச்சுத் தாளுக்கு 400 டிபிஐ, மங்கிய ரோணியோவுக்கு 600. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய எழுத்து கறையோடு கறையாகிவிடும். மறுபக்க எழுத்துத் தெரியாமலிருக்கத் தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைத்தார்கள். பழைய வடிவ ணை, லை, னா, றா எழுத்துகளைக் கணினி தவறாகவே வாசித்தது. ஆகவே கண்ணால் பார்த்துத் தட்டச்சுச் செய்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மலையகத்திலிருந்து தோட்டத் தொழிலாளரின் செங்கொடிச் சங்கத்தின் சந்தாப் பற்றுச்சீட்டுகளை அனுப்பியவர்களுக்கு நன்றி. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தன. வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, முகக்கவசத்தோடு மென்தூரிகையால் துடைத்ததில் பெரும்பாலானவை தப்பின.

மொஸ்கோ அணிக் குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. பாதுகாத்த ‘தேசாபிமானி’ இதழ்களை எந்தத் தயக்கமும் இன்றித் தந்தார்கள். ‘தொழிலாளி’யை மட்டும் வாசித்தால் சாதி எதிர்ப்பில் ஒரே அணிதான் நின்றது போலத் தோன்றும். மொஸ்கோ அணியின் எம். சி. சுப்பிரமணியமும், ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் செய்த வேலை அந்தப் பக்கத்துத் தாள்களில்தான் இருக்கிறது.

1978 ஜூலை 3இல் கே. ஏ. சுப்பிரமணியம் தலைமையில் சண்முகதாசனின் கட்சியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சி (இடது) பிரிந்து போனது. இன்றைய புதிய ஜனநாயக மாக்சிச லெனினிசக் கட்சி அந்த வழியில் வந்தது. அந்தப் பிரிவின் காயம் இன்னும் ஆறாத குடும்பங்களும் உண்டு. இரு தரப்பும் தங்கள் அறிக்கைகளைத் தந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒரு வரியும் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

மூலப் பிரதிகள் அமிலமற்ற உறையில் இட்டு உரியவர்களுக்கே திரும்பி வருகின்றன. பொலித்தீன் பையில் மாற்றிவிடாதீர்கள். அலமாரியின் அடித்தட்டிலும் சுவரோரமும் வேண்டாம்.

இன்னும் அதிகம் தேவைப்படுவது 1969இல் பௌத்தரின் வெசாக் திருநாளைக் காரணம் காட்டி அரசு தடை செய்த மே தினத்தைச் சுற்றிய பிரசுரங்களும், 1970 முதல் 1972 வரையான ‘தொழிலாளி’ இதழ்களும். அரைத் தாள் என்றாலும் அனுப்புங்கள்.

தோழமையுடன்,
ஆவணத் தொகுப்புக் குழுவினர்