இரும்பு குறைந்த ஒயில்தான் நல்ல ஒயிலா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உழவு இயந்திர, அறுவடை மிசின் உரிமையாளர் சங்கத்தினருக்கும் கராச் நடத்தும் அண்ணன் தம்பிமாருக்கும்,

வணக்கம், ஸலாம்.

பெரும்போக வெட்டு நெருங்கினால் போதும், எந்த சிந்தெடிக் (செயற்கை) எஞ்சின் ஒயில் நல்லது என்ற பேச்சுத் தொடங்கிவிடும். ஓடிய ஒயிலை ஆய்வுக்கு அனுப்பி அறிக்கை எடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது மிக நல்ல பழக்கம். ஆனால், தாளில் இரும்பு, அதாவது எஞ்சின் தேய்ந்து ஒயிலில் கலந்த துகள், குறைவாக இருந்தால் அந்த ஒயில் வென்றுவிட்டது, கூடினால் தோற்றுவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். அதை நம்பிப் பலர் காசைக் கொட்டுகிறார்கள்.

ஒரு மிசினில் 250 மணித்தியாலம் ஓடிய ஒயிலில் இரும்பு 38 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 38 பங்கு), இன்னொன்றில் 110 மணித்தியாலத்துக்கு 21 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். 21தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். மணித்தியாலத்தால் வகுத்துப் பாருங்கள்: முதலாவது 0.15, இரண்டாவது 0.19. தீர்ப்பு அப்படியே புரண்டுவிடுகிறது. சரி, இந்தக் கணக்கையாவது நம்பலாமா என்றால் அதுவும் முழுதாக முடியாது. ஒயில் மாற்றும்போது பழையது கொஞ்சம் எஞ்சினுக்குள் தங்கி, அதன் இரும்பையும் புது ஒயிலின் கணக்கில் ஏற்றிவிடும். இடையில் இரண்டு லீற்றர் ஊற்றியிருந்தால் எண் இறங்கிவிடும். இதற்கு மேல் மிசினும் வேறு, வயலும் வேறு, ஓட்டுபவரும் வேறு. இருவரின் இரத்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்து எந்தக் கடை அரிசி நல்லது என்று சொல்ல முடியுமா?

அறிக்கையில் நான் முதலில் தேடுவது மண், தூசியில் இருக்கும் சிலிக்கன். நம் பக்கத்தில் அதுதான் பெரிய எதிரி. காய்ந்த வயலில் வெட்டும்போது கிளம்பும் தூசியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எயார் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மாவு போல் தூசி ஒட்டினால் கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது பில்டர் சரியாக உட்காரவில்லை. அந்தத் தூசி சிலிண்டரைத் தேய்க்கும். சிலிக்கனோடு இரும்பும், சில வேளை அலுமினியமும் குரோமியமும் சேர்ந்து ஏறும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சிந்தெடிக்கும் அதைத் தடுக்காது. புது எஞ்சினில் கஸ்கட் பசையாலும் சிலிக்கன் கூடும் என்பதால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஒயிலைப் பற்றியே அறிய வேண்டுமென்றால் பிசுக்குமையையும் (ஒயிலின் தடிப்பு) கார எண்ணையும் பாருங்கள். 15டபிள்யூ-40 தர ஒயிலின் பிசுக்குமை 100 பாகை செல்சியஸில் 12.5க்கும் 16.3 சென்ரிஸ்டோக்குக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் டீசல் கலந்திருக்கலாம், அல்லது ஒயிலே உடைந்து இளகியிருக்கலாம். கார எண் என்பது அமிலத்தைச் சமாளிக்க மிச்சமிருக்கும் பலம். புது ஒயிலிலும் ஒரு மாதிரி எடுத்து அனுப்பினால்தான் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். அதை யாரும் செய்வதில்லை. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது கரியைப் பிடித்து வைத்திருப்பதால்தான்.

போத்தலில் சிந்தெடிக் என்று இருந்தால் எல்லாம் ஒரே சாமான் என்றும் எண்ண வேண்டாம். கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் குரூப் 3 எனப்படும் அடிப்படை எண்ணெயையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். இதை எதிர்த்து மொபில் நிறுவனம் காஸ்ட்ரோல் மீது கொண்டுபோன முறைப்பாட்டில், 1999இல் அமெரிக்க விளம்பரக் கண்காணிப்புப் பிரிவு காஸ்ட்ரோல் பக்கமே நின்றது.

இன்னொன்று: ஒயிலில் உள்ள உலோகங்களை அளக்கும் வழமையான ஸ்பெக்ட்ரோமீற்றர் கருவி ஏறக்குறைய 5 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகளைச் சரியாகக் காணாது. பேரிங் உடைந்து பெரிய துண்டு விழும்போதும் தாள் சுத்தமாக இருக்கலாம். பாஸ்மாரே, கழற்றிய ஒயில் பில்டரை எறிய முன்னர் வெட்டி விரித்துப் பாருங்கள்.

சங்கங்களிடம் நான் கேட்பது இது. ஒரே மிசினில் ஒரே ஒயிலை மூன்று நான்கு தடவை தொடர்ந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மணித்தியாலத்தில் மாதிரி எடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது, முதலில் வடிவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடியுங்கள். மீற்றர் எண், இடையில் ஊற்றிய லீற்றர், எயார் கிளீனர் மாற்றிய நாள் மூன்றையும் ஒரு பொதுக் கொப்பியில் எழுதுங்கள். அப்புறம் அந்தக் கொப்பியோடு ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குச் சேர்ந்து போய், இதை ஒரு ஆய்வாக எடுத்துச் செய்து தருவீர்களா என்று கேட்போம். வெட்டுத் தொடங்க முன்னர் ஒரு கூட்டம் வையுங்கள். எங்கே வைத்தாலும் வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
களுவாஞ்சிகுடி