வேலூர் வெயிலில் ஒரு பெண் "குளிருகிறது" என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிலக்கு நிற்கும் வயதைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் உடம்பு கொதிப்பதைப் பற்றியே பேசுகின்றன. நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்துக்கு ஏறுவதையும், ஜாக்கெட் நனைந்து போவதையும் இப்போது பெண்கள் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் அதே வயதில், "ஒடம்பு ஜில்லுனு கீது, எலும்புக்குள்ள குளிர்து" என்று சொல்லும் பெண்ணுக்கு யாரும் காது கொடுப்பதில்லை. அதுவும் நம் வேலூரில், சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில், ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வை தேடுகிறவளைப் பார்த்தால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்காதவர்கள், "நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். சிரிப்பைவிட இந்தப் பதில்தான் எங்களுக்குக் கவலை தருகிறது. இந்த ஒரு வரிக்குப் பின்னால் ரத்தசோகையும் தைராய்டு குறைவும் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கின்றன.

மாதவிலக்கு நிற்பதால் மட்டுமே வரும் குளிருக்கு ஒரு அடையாளம் உண்டு. உடம்பின் சூட்டைக் காப்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். சூடு கூடினால் அது வியர்க்க வைக்கும், குறைந்தால் நடுங்க வைக்கும். இரண்டுக்கும் நடுவே சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது பொருட்படுத்தாத ஒரு வரம்பு இருக்கிறது. பெண்மைக்கான ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பல பெண்களுக்கு இந்த வரம்பு மிகவும் குறுகிவிடுகிறது. அதனால் அடுப்படியில் நின்ற சிறு சூடுகூட அதற்கு அதிகமாகத் தெரிகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் அனல் அடங்கிவிடும். ஆனால் நனைந்த உடம்பு காயும்போது தேவைக்கு மேல் சூட்டை இழந்து, உள்வெப்பம் வரம்பின் கீழ்ப்பக்கம் சரிகிறது. அப்போதுதான் வெடவெடவென்று நடுக்கம் வருகிறது.

ஆகவே முதலில் அனல், பிறகு வியர்வை, அதன் பின் குளிர் என்பதுதான் வரிசை. விட்டு விட்டு வரும், தானாக அடங்கும், தெர்மாமீட்டரில் காய்ச்சல் காட்டாது. இரவில் வந்தால் அனலும் வியர்வையும் தூக்கத்திலேயே கழிந்துவிடும். விழிக்கும்போது குளிர் மட்டும்தான் தெரியும். பிடரி முடியும் முதுகுப்பக்க ஜாக்கெட்டும் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக விழுவதால் இது திடீரென்றும் கடுமையாகவும் வரும். எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், அடிக்கடி அனல் வந்தவர்களுக்கு அது நீடித்த காலம் நடுத்தரமாக 7.4 ஆண்டுகள். "ஆறு மாசத்துல போயிடும்" என்று ஆறுதல் சொல்வது சரியல்ல.

இந்த வரிசையில் அடங்காத குளிரை வயதின் மேல் போடக்கூடாது. காலையிலிருந்து படுக்கும் வரை, வாரக்கணக்கில் கையும் காலும் சில்லென்றே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளில் உதிரப்போக்கு தாறுமாறாகி, பலருக்கு முன்பைவிட அதிகமாகப் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்றுவது, கட்டி கட்டியாக விழுவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது ஆகிய மூன்றும் அதிகப் போக்கின் அடையாளம். இதை "போகிற காலத்தில் கழிவு எல்லாம் போகுது" என்று நினைத்துக்கொண்டு ஊரில் பல பெண்கள் சும்மா இருக்கிறார்கள். போவது கழிவு இல்லை, ரத்தம். அதோடு இரும்புச்சத்தும் போகிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மருந்துக்கடையில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு இன்னும் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

ரத்தம் குறைந்தால் ஏன் குளிர வேண்டும்? உடம்பு சூட்டை உண்டாக்கப் பிராணவாயு வேண்டும். அதைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறையும்போது உடம்பு இருக்கிற ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கி, தோலுக்குப் போவதைக் குறைத்துவிடுகிறது. தைராய்டு சுரப்பு உருவாகவும் இரும்பு தேவைப்படுவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, நகம் குழிவது, பச்சரிசியோ சாம்பலோ செம்மண்ணோ தின்னத் தோன்றுவது எல்லாம் இதன் அறிகுறிகள். வெளியில் சொல்ல வெட்கப்படும் அந்த அரிசி தின்னும் பழக்கத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை பலருக்குப் பலிக்காமல் போவது சாப்பிடும் முறையால்தான். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேரக்கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ, எலுமிச்சம்பழச் சாறு பிழிந்த தண்ணீரோடு போட வேண்டும். வயிறு புரட்டினால் டாக்டரைக் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். மலம் கறுப்பது இயல்பு. பயந்து நிறுத்த வேண்டாம். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் உதிரப்போக்கு நிற்கவில்லை, குடலில் கொக்கிப்புழு இருக்கிறது, அல்லது குறைவு இரும்பில் இல்லாமல் வைட்டமின் பி12இல் இருக்கிறது என்று தேட வேண்டும். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் இருப்பு நிரம்பும். பீட்ரூட் சாற்றை நம்பி மாத்திரையை விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. கறி சாப்பிடுகிறவர்கள் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) சாப்பிடலாம். கேழ்வரகுக் களிக்கு முருங்கைக்கீரை வைத்து, மேலே எலுமிச்சை பிழிந்தால் அதிலிருக்கும் இரும்பு கொஞ்சம் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அதுவும் வீண்.

அடுத்தது தைராய்டு குறைவு. உடல் பெருப்பது, மலச்சிக்கல், முடி கொட்டுவது, தோல் வறள்வது, மறதி, சோர்வு என்று இதன் அறிகுறிகள் எல்லாம் மாதவிலக்கு நிற்கும் காலத்தின் தொல்லைகளோடு ஒன்றிப்போவதால்தான் தப்பிவிடுகிறது. குரல் கரகரத்து, நாடி மெதுவாகி, எந்நேரமும் குளிருகிறது என்றால் டிஎஸ்எச் என்ற ரத்தச் சோதனை பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் இந்த அளவு கூடும். வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் 0.4 முதல் 4.5 வரை இயல்பான அளவு. லேசாகக் கூடியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 10க்கு மேல் போனால் பொதுவாக மாத்திரை தொடங்குவார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் இப்போது ஏராளம். ரத்தத்தில் பயோட்டின் அதிகமிருந்தால் சில கருவிகளில் டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு குறைவு இருந்தும் அறிக்கை சரியாக வந்துவிடும். அந்த முடி கொட்டுவதற்கே தைராய்டுதான் காரணமாகவும் இருக்கலாம். சோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். தைராய்டு மாத்திரை போடத் தொடங்கியவர்கள் காலையில் எழுந்ததும் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்கலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நடு இரவில் குளிர்ந்த வியர்வை கொட்டி, கை நடுங்கி, அகோரப் பசியோடு விழித்தால் அது சர்க்கரை தாழ்ந்ததாக இருக்கலாம். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளும் இதைச் செய்யும். கருவியில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், யோசனை பிறகு. மாதவிலக்கு நிற்கும் வியர்வை என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வது ஆபத்து.

ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோபிரலால் மாத்திரைகளால் கை கால் சில்லிடும். அதற்காக நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்குக் கேடு. மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கும் சைவக்காரர்களுக்கும் பி12 குறைந்து பாதம் மரத்துச் சில்லென்று தோன்றும். ஒரு கால் மட்டும் குளிர்ந்து, நடந்தால் கெண்டைக்காலில் வலித்தால் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் தூள் பறக்கும் என்று ஃபேன் இல்லாமல் உட்காருகிறார்கள். வியர்வையில் ஊறிய துணியோடு வெளியே வந்ததும் குளிர் பிடிக்கிறது. புகையிலையைத் தொட்டுக்கொண்டே இருப்பதாலும், வெற்றிலையோடு மெல்வதாலும் உடம்பில் சேரும் நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது.

நடுக்கத்தோடு தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால் அது பெரும்பாலும் தொற்று. சிறுநீர் எரிந்தால் சிறுநீர்த் தொற்று. மாதவிலக்கு நின்றபின் இது எளிதில் வரும். நம் வடாற்காடு வட்டாரத்தில் மழைக்காலம் முதல் தை வரை நுண்ணிய உண்ணி கடித்துப் பரவும், உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் அதிகம். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், பாவாடை நாடா கட்டும் இடுப்பு ஆகிய இடங்களில் பீடி சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டுப் பெண்களே பார்க்க வேண்டும். கூச்சத்தில் காட்டாமல் விட்டால் சிகிச்சை தாமதமாகும்; சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும்.

உண்மையிலேயே மாதவிலக்கு நிற்பதால் வரும் குளிர்தான் என்றால், குளிரைத் துரத்துவதைவிட அதற்கு முந்தைய அனலையும் ஈரத்தையும் சமாளிப்பதே வழி. கனமான கம்பளிக்குப் பதில் இரண்டு மெல்லிய பருத்திப் போர்வைகள். ஒன்றை உதறி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தலைமாட்டில் காய்ந்த துண்டும் மாற்று ஜாக்கெட்டோ நைட்டியோ வேண்டும். வியர்த்ததும் முதலில் ஈரத்தைத் துடைத்து உடை மாற்றுங்கள், போர்வை அதற்குப் பிறகு. ஈர உடம்பின் மேல் ஃபேன் நேராக வீசக்கூடாது. படுக்கப் போகும் முன் காரமும் சூடான காபியும் வேண்டாம். வெந்நீர்ப் பை வைப்பவர்கள் துணி சுற்றி வைக்க வேண்டும். பாதம் மரத்துப்போன சர்க்கரைக்காரர்கள் அதைத் தொடவே கூடாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, முதலில் அனலா குளிரா, எவ்வளவு நேரம், தெர்மாமீட்டர் எவ்வளவு, உதிரப்போக்கு உண்டா. அந்த நோட்டு டாக்டருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

தூக்கமே கெடும் அளவுக்கு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கு அது பொதுவாகக் கொடுப்பதில்லை. ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. 45 வயதைத் தாண்டியவர்கள் மாதவிலக்கு நிற்கிறதா என்று அறிய எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் சோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அந்தப் பணத்தில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), டிஎஸ்எச், சர்க்கரை பாருங்கள். பன்னிரண்டு மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அதே வருகையில் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபினும் பார்த்துவிட்டு, இரண்டு கேள்விகளை மட்டும் கூடுதலாகக் கேட்கட்டும்: "ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாத்துறீங்க? குளிர்றது எப்பவாவதா, எப்பவுமேவா?"

இப்படிக்கு,
பணியிலும் ஓய்விலும் உள்ள செவிலியர்கள் சிலர்,
காட்பாடி.